பெயிண்டருக்கு வியர்க்காது

விளையாட்டரங்கில் எல்லோரும் அவரைப் பெயிண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் தூரிகையைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி வெளிச்சுவருக்கு இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தபோது சாரத்தின் கயிறு ஒரு பக்கம் நழுவி விழுந்தவர் அவர். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. மார்புக்குக் கீழே உணர்ச்சி போனது. தோளும் முழங்கையும் சொன்ன பேச்சைக் கேட்டன; விரல்கள் கேட்கவில்லை. அந்தச் சுவரில் அடிக்காமல் விட்ட ஒரு மூலையை அப்புறம் யார் முடித்தார்கள் என்று இன்றைக்கும் யாராவது கிடைத்தால் விசாரிப்பார். தெரிந்தவர் யாரும் கிடைத்ததில்லை.

வீட்டின் முன்னறை மனைவியின் இஸ்திரிக்கடை, பின்னறை அவருடைய படுக்கை. இரண்டுக்கும் நடுவில் ஒரு திரை. கடையில் நீளமான மேசை, அதன் மேல் கருகல் படிந்த கம்பளி விரிப்பு, மூலையில் மடித்து அடுக்கிய துணிகள், ஆணியில் தொங்கும் ஒரு நீலக் கைப்பிடித் தெளிப்பான். அதன் விசையை அமுக்கினால் தண்ணீர் பனிபோல விழும். அந்த விஸ் விஸ் சத்தம் கேட்டால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி.

அவருக்கும் வேலை இருந்தது. குடிநீர் வழங்கும் அலுவலகத்தில், காதில் மாட்டிய கருவியோடு உட்கார்ந்து, தண்ணீர் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு திட்டினாலும் அவர் குரல் உயராது. "மாடியிலேர்ந்து விழுந்தவன்மா நான், உங்க திட்டு எனக்கு எம்மாத்திரம்" என்று ஒருமுறை ஓர் அம்மாளிடம் சொல்லப்போய், அந்த அம்மாள் தண்ணீரை மறந்துவிட்டு அவருடைய கழுத்தைப் பற்றி விசாரித்தாராம்.

ஆட்டத்துக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தவன் மச்சினன். சரக்கு வண்டி ஓட்டுகிறவன். ஒருநாள் உள்ளரங்கம் ஒன்றில் நாற்காலிகளை இறக்கிவிட்டு வந்தவன் வாசலிலேயே ஆரம்பித்தான்.

"மாமா, அங்க சக்கர நாற்காலியில உக்காந்துக்கிட்டு ஒருத்தனை ஒருத்தன் இடிச்சுத் தள்ளுறாங்க. பந்தை மடியில வெச்சுக்கிட்டு ஓடுறாங்க. உங்களுக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு."

"நான் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வெச்சுக் காப்பாத்திக்கிட்டிருக்கேன். நீ இடிக்கக் கூட்டிட்டுப் போறியா?" என்றாள் அவன் அக்கா, இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே.

போனார். சக்கர நாற்காலி ரக்பி என்று அதற்குப் பெயர். கைகளும் கால்களும் சேர்ந்து பலம் குறைந்தவர்களுக்காக ஏற்பட்ட ஆட்டம். நாற்காலிகளின் சக்கரங்கள் சாய்வாக இருக்கும், முன்னால் இரும்புத் தடுப்பு இருக்கும். பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்தால் புள்ளி. கடக்க விடாமல் மறிப்பதுதான் மற்றவர் வேலை. மறிப்பது என்றால் மோதுவது. முதல் நாளே ஒருவன் வந்து மோதிய மோதலில் பெயிண்டர் நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்தார். அரங்கு சிரித்தது. கன்னம் தரையில் பட்டபடியே அவரும் சிரித்தார். அத்தனை காலமாக எல்லோரும் அவரைப் பூப்போலத் தூக்கி, பூப்போல வைத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டுமென்றே வந்து முட்டிய முதல் மனிதன் அவன்தான். அவனுக்கு இன்றுவரை அவர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். அவனுக்கோ அது ஞாபகம்கூட இல்லை.

பயிற்சி தந்தவரை மாஸ்டர் என்பார்கள். இளமையில் ஓட்டப்பந்தய வீரர், பிறகு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். நல்ல மனிதர், ஆனால் வியர்வையைத் தவிர வேறொன்றையும் நம்பாதவர். பயிற்சி முடிந்ததும் வரிசையாக நிற்கிற நாற்காலிகளின் முன்னால் நடந்துபோய், ஒவ்வொருவர் நெற்றியிலும் கட்டைவிரலால் ஒரு கோடு இழுப்பார். விரல் நனைந்தால் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போவார். நனையாவிட்டால் அந்த விரலை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடிப்பார்.

பெயிண்டரிடம் வரும்போதெல்லாம் விரல் காய்ந்தே இருந்தது.

"பெயிண்டர் சாயம் கலையாம ஆடுறார்ப்பா" என்பார் மாஸ்டர். "போட்டோ பிடிக்க வந்திருக்காரு போல."

மாஸ்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறதோ என்ற சந்தேகம் பெயிண்டருக்கே இருந்தது. ஆட்டத்தின் முதல் பாதியில் அவரைப் பிடிக்க ஆள் கிடையாது. பிற்பாதியில் தலை கனக்கும், முகம் கொதிக்கும், விளக்கு மங்கினாற்போல அரங்கு இருளும். கைகள் தள்ளினாலும் சக்கரம் மனமில்லாமல் உருளும். மற்றவர்கள் தொப்பலாக நனைந்து மூச்சு வாங்குகையில் தான் மட்டும் துவைத்துக் காயப்போட்ட துணிபோல உட்கார்ந்திருப்பது அவருக்கே அவமானமாக இருந்தது. ஒரு காலத்தில் வெயிலில் சுவர் அடிக்கும்போது மூக்கு நுனியிலிருந்து பெயிண்ட் வாளிக்குள் சொட்டும். அந்த வியர்வை எங்கே போயிற்று என்று யாரைக் கேட்பது? ஊர் முழுக்கத் தண்ணீர் வரவில்லை என்று புகார் கேட்கிறவன், தன் தோலில் தண்ணீர் வரவில்லை என்று எந்த எண்ணுக்குக் கூப்பிடுவான்?

பெரிய போட்டி ஒன்று வரவிருந்தது. வெளியூர்ப் பயணம். எல்லோரையும் அழைத்துப்போக முடியாது என்றும், யார் யார் என்பதை உழைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்றும் மாஸ்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பெயிண்டர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மனைவி காரணத்தைப் பிடுங்கிக் கேட்டாள். கேட்டுவிட்டு, ஆணியிலிருந்து நீலத் தெளிப்பானை எடுத்தாள்.

"வேர்வைதானே வேணும் அந்த மனுஷனுக்கு? இந்தாங்க, நான் தர்றேன்" என்று அவர் முகத்தில் ஒரு விஸ் அடித்தாள்.

இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று, இருவரும் யோசித்தார்கள்.

மறுநாளிலிருந்து வேலை மச்சினன் தலையில் விழுந்தது. இடைவேளையிலும் பயிற்சி முடியும் தறுவாயிலும் குடிநீர்க் குழாய்ப் பக்கம் பெயிண்டரைத் தள்ளிக்கொண்டு போவான். தூண் மறைவில் நெற்றி, கழுத்து, கை, சட்டை என்று துணிக்குத் தெளிப்பது போலவே தெளிப்பான். பயிற்சி முடிந்து மாஸ்டர் கட்டைவிரல் வந்தது, நனைந்தது, நின்றது. மறுபடியும் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார்.

"ஆங். இப்பத்தான் ஆடியிருக்கே" என்றார்.

குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, அன்று பெயிண்டர் கடைசிவரை ஆடவும் ஆடினார். தலை அவ்வளவாகக் கனக்கவில்லை. மாஸ்டர் பாராட்டிய தெம்பு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தெளிப்பான் வருவதற்குச் சில வாரம் முன்பிருந்தே அரங்குக்கு ஒரு டாக்டரம்மா வந்துபோய்க்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மருத்துவப் பிரிவு. சக்கர நாற்காலியில் ஆடுகிறவர்களின் உடம்பு வெப்பத்தை எப்படித் தாங்குகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. உடம்புக்குள் சூட்டை அளக்க மாத்திரை அளவில் ஒரு கருவி வைத்திருந்தார். விழுங்கினால் வயிற்றுக்குள்ளிருந்தே செய்தி அனுப்பும்.

"வயித்துக்குள்ள ரேடியோ" என்றார் பெயிண்டர். "வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுக்கணுமா மேடம்?"

"ஐயோ, வேண்டாங்க. அது அப்படியே போகட்டும்" என்றார் அவர்.

பெயிண்டருக்கு அவர்மேல் மதிப்பு உண்டானது இந்த மாத்திரையால் அல்ல. தோளில் ஓர் ஒட்டுக்கருவியை வைக்கும் முன்னால், "தொடலாமா?" என்று கேட்டு, அவர் சரி என்று சொல்லும்வரை காத்திருந்தாரே, அதனால். ஆஸ்பத்திரியில் மூட்டையைப் புரட்டுவதுபோல அவரைப் புரட்டியிருக்கிறார்கள், யாரும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதை இரண்டு தடவை சொன்னார்.

ஆனால் தெளிப்பான் கதையை அந்த அம்மாளிடமும் சொல்லவில்லை. அரங்கின் மறுகோடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த அவருக்குத் தூண் மறைவு தெரியாது. ஒருநாள் அவரே வந்து, கணக்கு எங்கேயோ இடிக்கிறது என்றார். முதல் வாரங்களில் பெயிண்டரின் சூடு ஏறிய ஏற்றம் வேறு, இப்போது ஏறுவது வேறு. கருவி பழுதா, இல்லை அவருடைய காயத்தைப் பற்றி ஆஸ்பத்திரியில் எழுதியது தப்பா என்று தெரியவில்லை. புதுக் கருவி வரவழைத்துப் பார்க்கிறேன் என்றார். பெயிண்டர் திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தார். சொன்னால் ஆராய்ச்சி நேராகும், போட்டிக்குப் போகிற இடம் போய்விடும். தேர்வு முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்.

தள்ளிப்போட்டதன் பலன் வேறொருவன் தலையில் விடிந்தது. அணியில் கழுத்து அடிபட்டவன் இன்னும் ஒருவன் இருந்தான். சுருட்டை என்பார்கள், தலைமுடியால் வந்த பெயர். குளத்தில் தலைகீழாகக் குதித்தவன். அவனுக்கும் நெற்றி நனையாது. முன்பெல்லாம் மாஸ்டர் விரலைத் தூக்கிக் காட்டுவதோடு அவனை விட்டுவிடுவார். பெயிண்டர் நனைய ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு ஒரு புது நம்பிக்கை பிறந்துவிட்டது.

"பெயிண்டருக்கே வேர்த்திடுச்சு. உனக்கு மட்டும் என்ன? நீ இன்னும் பத்தலை. இன்னொரு சுத்து போ."

சுருட்டை இன்னொரு சுற்று போனான். மறுநாள் இரண்டு. அவன் ரோஷக்காரன். கோடை தொடங்கியிருந்தது, தகரக்கூரை போட்ட அரங்கு, ஒரு பக்கத்துக் காற்றாடி வேறு ஓடவில்லை. அதற்கு அடுத்த நாள், மூன்றாவது சுற்றின் பாதியில் அவன் நாற்காலி தானாக வளைந்துபோய்ச் சுவரில் முட்டி நின்றது. தலை மார்பில் தொங்கியது.

முதலில் ஓடியவர் டாக்டரம்மா. தொட்டுப் பார்த்தவர், தீயாகக் கொதிக்கிறது, நிழலுக்குக் கொண்டுவாருங்கள், தண்ணீர் கொண்டுவாருங்கள், மேலெல்லாம் நனைக்க வேண்டும் என்றார். ஒருவன் வாளி தேடி ஓடினான். ஒருவன் குடிக்கிற பாட்டிலை நீட்டினான். தூண் பக்கத்தில் மச்சினன் நின்றிருந்தான், நிரம்பிய தெளிப்பானை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. மாமாவைப் பார்த்தான். மாமா அவனைப் பார்த்தார்.

"அதைக் கொண்டா இங்க" என்றார் பெயிண்டர்.

அவன் அசையவில்லை.

"டேய், மாஸ்டர் பாத்தா பாக்கட்டும். கொண்டா."

கொண்டுவந்தான். டாக்டரம்மா எதற்கு, ஏன் என்று கேட்கவில்லை. வாங்கித் தெளிக்கத் தொடங்கினார். ஓடுகிற காற்றாடி ஒன்றை இழுத்து வந்து திருப்பினார்கள். வாளி வந்தது, துணிகள் வந்தன, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியனுப்பினார்கள். அது வந்து சேர்வதற்குள் சுருட்டை கண்ணைத் திறந்து, "எத்தனை சுத்து ஆச்சு மாஸ்டர்?" என்று கேட்டான். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவனை ஏற்றி அனுப்பிய பிறகு, மாஸ்டர் தரையில் கிடந்த தெளிப்பானைக் கையில் எடுத்தார். அதையும் பெயிண்டரின் ஈரச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்கவேண்டிய அவசியம் இல்லாவிட்டாலும் கேட்டார்.

"இது எதுக்கு இங்க வந்துச்சு?"

"எனக்கு வேர்க்காது மாஸ்டர்" என்றார் பெயிண்டர். "நீங்க விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு பயந்து, வேர்த்த மாதிரி காட்டினேன். அதை நம்பித்தான் நீங்க அவனை விரட்டினீங்க. தப்பு என்னோடது."

டாக்டரம்மாதான் பேசினார். கோபமாக அல்ல, பாடம் எடுப்பது போலவும் அல்ல. உடம்பு சூடானால் வியர்க்கச் சொல்லி மூளை செய்தி அனுப்பும். கழுத்தில் தண்டுவடம் அறுபட்டால் அந்தச் செய்தி கீழே போய்ச் சேராது. எவ்வளவு உழைத்தாலும் தோல் காய்ந்தே இருக்கும். சூடு உள்ளேயே தங்கும். நெற்றி காய்ந்தவர்கள் குறைவாக உழைத்தவர்கள் இல்லை, அதிக ஆபத்தில் இருந்தவர்கள். தலை கனத்ததும் கண் இருண்டதும் அதனால்தான். அந்த விளைவைத்தான் அளக்க வந்தேன், அதை முதல் நாளே எல்லோரையும் உட்கார வைத்து விளக்காமல் போனேன், அது என் தப்பு என்றார். பிறகு பெயிண்டரைப் பார்த்து, "என் கருவியைப் போய்ச் சந்தேகப்பட்டேனே" என்று சிரித்தார். "நீங்க தெளிச்சுக்கிட்டது வேர்வை செய்யிற வேலையைத்தான் செஞ்சிருக்கு. எந்த நாள்லேர்ந்துன்னு சொல்லுங்க, அதுவும் எனக்கு வேணும்."

பெயிண்டர் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் சோம்பேறி இல்லை. இத்தனை நாளும் நான் சோம்பேறியாக இருக்கவில்லை. வேறெதுவும் அப்போது மனதில் ஏறவில்லை. மாஸ்டர் தெளிப்பானை மச்சினனிடம் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியேறியதைக்கூட அவர் சற்றுப் பிந்தித்தான் கவனித்தார். சரி, இடம் போயிற்று என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவி முதலில் கேட்டது, "அந்தப் புள்ள எப்படி இருக்கான்?" தேறிவிட்டான் என்று தெரிந்த பிறகு, "போட்டி போனா போகுது" என்றாள். சொல்லிவிட்டு ஒரே சட்டையை மறுபடி மறுபடி தேய்த்தாள்.

மறுநாள் காலை மாஸ்டர் கடைக்கு வந்தார். அவருக்கு அந்தத் தெருவே புதிது. மனைவி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அது மேசைக்கு ஒட்டினாற்போல, பெட்டியின் அனலுக்கு எதிரில் விழுந்தது. அதைத் தள்ளிப்போட அவருக்குக் கூச்சம். உட்கார்ந்த சற்று நேரத்தில் நெற்றியிலிருந்தும் காதோரத்திலிருந்தும் வழிய ஆரம்பித்தது. துவாலையால் துடைத்தார்; மறுபடி வழிந்தது. திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலியை உருட்டி வந்த பெயிண்டர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர் சும்மா உக்காந்தே ரொம்ப உழைக்கிறீங்க போல" என்றார்.

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாஸ்டர் ஒரு நொடி விழித்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்தபோது துவாலை கண்ணுக்கும் போனது.

"சுருட்டையைப் பாத்துட்டுத்தான் வர்றேன்" என்றார். "பிழைச்சான். நீ அந்தப் பாட்டிலை ஒளிச்சு வெச்சிருந்தா எனக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது. இன்னும் அவனை விரட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்." துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டார். "நீ போட்டிக்கு வர்றே. ஆனா முழு ஆட்டமும் விடமாட்டேன். நடுவுல வெளிய எடுப்பேன், ஆற வெச்சு மறுபடி உள்ள விடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"மாஸ்டர், வேலை பாத்த இடத்துல என்னை நடுவுல இறக்கியிருந்தா நான் விழுந்தே இருக்கமாட்டேன்" என்றார் பெயிண்டர்.

புறப்படும்போது பெயிண்டரின் மனைவியிடம் மாஸ்டர், தெளிப்பான் எங்கே வாங்கியது என்று விசாரித்துக்கொண்டு போனார். அன்று மாலை ஆளுக்கொன்றாக வாங்கி வந்தார். நன்றாக வியர்க்கிறவர்களுக்கும் சேர்த்தே வாங்கிவிட்டார். கட்டைவிரல் வழக்கம் அத்தோடு நின்றது.

டாக்டரம்மா ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கினார். தெளிக்கிற நாள், தெளிக்காத நாள், ஆட்டத்துக்கு முன்னால் பனிக்கட்டி வைத்த மேலங்கி போட்டுக்கொள்கிற நாள் என்று பிரித்துக்கொண்டார். சூடு ஓர் அளவைத் தாண்டினால் உடனே நிறுத்திவிடுவார். தெளிப்பு மட்டும் போதாது, அது தோலைத்தான் குளிர்விக்கிறது, உள்சூட்டுக்கு மேலங்கியும் ஓய்வும் வேண்டும் என்று தெரிந்தது. ஒவ்வொரு நாளும் பெயிண்டர் மாத்திரையை விழுங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சுருட்டையும் விழுங்கினான். இரண்டு பேரும் வயிற்றுக்குள் ரேடியோவோடு எதிரும் புதிருமாக மோதிக்கொண்டார்கள்.

போட்டியில் இரண்டாம் இடம் வந்தார்கள். கடைசி ஆட்டத்தில் பெயிண்டரை மூன்று முறை வெளியே எடுத்தார் மாஸ்டர். எடுத்தபோதெல்லாம் தெளிப்பானைத் தானே வாங்கித் தாராளமாக அடித்தார். "போதும் மாஸ்டர், தேய்க்கவா போறீங்க?" என்று கெஞ்சவேண்டியிருந்தது. அந்த ஆட்டத்தில் கடைசி மணி அடிக்கும்வரை அரங்கு இருளவே இல்லை. எதிராளியின் முகம், கோடு, பந்தின் தையல் எல்லாம் தெரிந்தன. தோற்றதைக்கூடத் தெளிவாகப் பார்த்தேன் என்று அவர் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நெடுநாள் கழித்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்து, டாக்டரம்மா ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் நன்றி சொல்கிற பகுதியைத் தானே மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினார். கலந்துகொண்ட வீரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் நன்றி. தெளிப்பானை முதலில் அரங்குக்கு அனுப்பிவைத்த, வீரர் ஒருவரின் இஸ்திரிக்கடை நடத்தும் மனைவிக்கும் நன்றி.

"பேரு போடலையா?" என்றாள் மனைவி.

யார் யார் என்று அடையாளம் தெரியக்கூடாது, அதனால் பெயர் போடுவதில்லை என்று டாக்டரம்மா விளக்கினார்.

"பேரு கிடக்கட்டும். கடையைப் போட்டிருக்கீங்களே, அது போதும்" என்றாள் அவள்.

கட்டுரையைத் துணிகளோடு சேர்த்து அலமாரியில் மேல் தட்டில் வைத்தாள். மறுநாள் ஆட்டம் இருந்தது. அவருடைய சட்டையை எடுத்து விரித்து, ஒரு விஸ் தெளித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். போனவுடன் நனைத்துத் தொப்பலாக்கப் போகிற சட்டைக்கு எதற்கு மடிப்பு என்று பெயிண்டர் கேட்டார்.

"நனையிறது அங்க. இங்கேர்ந்து போறப்ப ஒழுங்காப் போங்க" என்றாள் அவள், காலரைத் திருப்பிக்கொண்டே.